உலோகங்களுக்கு வரிசை கண்ட சேர் ஹம்பிரி டேவி



உங்கள் வீட்டையும் முற்றத்தையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். கிணற்றடியிலே நாகம் பூசிய வாளி இருக்கும். அடுக்களையிலே இரும்புத் தாச்சியும் அலுமினியப் பானையும் இருக்கும். திருப்படங்களின் முன்னே பித்தளை விளக்கு நிற்கும். அலுமாரியின் உள்ளறையிலே பொன்நகை ஒன்றிரண்டு இருக்கலாம். இவை யாவும் உலோகங்களே. ஆயினும் ஒரு மாரி கழிவதற்குள் மண்வெட்டி துருவேறிவிடுகின்றது. செம்புக் குடத்தில் பச்சைக் களிம்பு படர்கின்றது. பொன்னோ பாட்டியின் கழுத்திலிருந்து பேத்தியின் கழுத்துக்கு வந்த பின்னும் நிறம் மாறாதிருக்கின்றது. கோவிலிலே பூசைப் பாத்திரத்தின் உட்புறத்துக்குப் பொன்முலாம் பூசும் வழக்கத்தையும் நீங்கள் அறிவீர்கள். முந்திரிகை இரசத்தின் புளிப்பு பொன்னைத் தீண்டுவதில்லை.

ஏன் இந்த வேற்றுமை? காற்றோடும் நீரோடும் அமிலத்தோடும் சேர்வதிலே எல்லா உலோகங்களுக்கும் ஒரே வேட்கை இல்லை. சில ஓடிப்போய்ச் சேர்கின்றன. சில தயங்கிச் சேர்கின்றன. சில அசைவதே இல்லை. இந்த வேட்கையைத் தாக்குதிறன் என்று விஞ்ஞான நூல்கள் கூறும். உங்கள் பிள்ளைகள் பத்தாம், பதினோராம் ஆண்டு வகுப்புகளிலே பொற்றாசியம், சோடியம், கல்சியம், மக்னீசியம், அலுமினியம், நாகம், இரும்பு, ஈயம், செம்பு, வெள்ளி, பொன் என்று மனனம் செய்வது இந்தத் தாக்குதிறனின் வரிசையைத்தான். அதிலே தலைமாட்டில் நிற்கும் முதல் நான்கு உலோகங்களையும் முதன்முதலிற் பிரித்தெடுத்து உலகுக்குக் காட்டியவர் ஒருவரே. அவர்தான் சேர் ஹம்பிரி டேவி. உலோகங்களை ஒப்பிட்டு நோக்குவதில் ஈடிணையற்றவராய் விளங்கிய அவருக்கு, தம்மையே இன்னொருவரோடு ஒப்பிட வேண்டி வந்த காலம் பெருஞ்சோதனையாயிற்று. இரண்டையும் சேர்த்துப் படித்தாற்றான் அவருடைய வாழ்வு நமக்குப் பயன்தரும்.

மரச்சிற்பியின் மகன்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலே கோன்வால் என்றொரு மாவட்டம் உண்டு. கடலும் பாறையும் தகரச் சுரங்கமும் நிறைந்த நாடு அது. அங்கே பென்சான்ஸ் என்னும் துறைமுகப் பட்டினத்திலே 1778ஆம் ஆண்டு டிசெம்பர் 17ஆம் நாள் ஹம்பிரி டேவி பிறந்தார். தந்தையார் ரொபேட் டேவி மரத்திற் சிற்பவேலை செய்பவர். பிள்ளைகள் ஐவர்; ஹம்பிரியே மூத்தவர். 1794இல் தந்தையார் இறந்தபோது குடும்பத்துக்கு எஞ்சியது கடன்தான். தாயார் ஒரு கடையை நடத்திப் பிள்ளைகளை வளர்த்தார். பதினாறு வயதிலே ஒரு வீட்டின் மூத்த மகன் என்ற பொறுப்பு அந்த இளைஞரின் தோளிலே விழுந்தது. வன்னியிலே இத்தகைய மூத்த பிள்ளைகளை நாம் எத்தனையோ வீடுகளிற் கண்டிருக்கிறோம்.

1795இல் அவர் உள்ளூர் வைத்தியர் ஒருவரிடம் மருந்து கலக்கும் வேலை பழகச் சேர்ந்தார். பல்கலைக்கழகத்தின் வாசற்படியை அவர் மிதிக்கவில்லை. பிரெஞ்சு அறிஞர் லவோசியே எழுதிய இரசாயன நூல் கைக்குக் கிடைத்தபோது, அதைத் தாமே படித்து, வீட்டிலிருந்த கிண்ணங்களையும் குழாய்களையும் கொண்டு பரிசோதனை செய்து பார்த்தார். 1798இல், இருபது வயது நிறையுமுன்னரே, பிறிஸ்டல் நகரில் வாயுக்களைக் கொண்டு நோய் தீர்க்க முயன்ற ஒரு நிலையத்திலே வேலை கிடைத்தது. அங்கே வாயுக்களைத் தாமே சுவாசித்துப் பார்த்தார். ஒருமுறை நச்சுவாயுவால் உயிர் போகும் நிலைக்கும் வந்தார். சிரிப்பூட்டும் வாயு என்று பேர்பெற்ற நைதரசு ஒட்சைட்டு நோவை மறக்கச் செய்வதைக் கண்டு, சத்திரசிகிச்சையிலே இதனைப் பயன்படுத்தலாம் என்று 1800இல் வெளியிட்ட நூலிலே குறித்து வைத்தார். வைத்திய உலகம் அந்தக் குறிப்பைக் கவனிக்க நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

நாகமும் செம்பும் தந்த மின்

அதே 1800ஆம் ஆண்டு இத்தாலியிலிருந்து ஒரு புதுமை வந்தது. அலெசாந்திரோ வோல்ற்றா என்னும் அறிஞர் நாக வட்டுகளையும் வெள்ளி அல்லது செம்பு வட்டுகளையும் மாறிமாறி அடுக்கி, இடையிடையே உப்புநீரில் நனைத்த துணியை வைத்தார். அந்த அடுக்கிலிருந்து இடையறாத மின்னோட்டம் பிறந்தது. ஒன்றோடொன்று தொடும்போது எந்த உலோகம் எந்த உலோகத்துக்கு முந்தியது என்று வோல்ற்றா ஒரு வரிசையும் வகுத்திருந்தார். நாகம் ஒரு முனையிலும் செம்பும் வெள்ளியும் பொன்னும் மறுமுனைப் பக்கத்திலும் நின்றன. வரிசையிலே இரண்டு உலோகங்கள் எவ்வளவு தூரம் விலகி நிற்கின்றனவோ, அவ்வளவுக்கு மின்னின் வேகமும் கூடியது.

1801இல் இலண்டன் றோயல் இன்ஸ்ரிரியூஷன் என்னும் விஞ்ஞான நிலையம் டேவியை அழைத்துக்கொண்டது. அவருடைய பேச்சைக் கேட்க மேட்டுக்குடி மக்கள் குதிரை வண்டிகளிலே வந்து குவிந்தார்கள். நிலையம் அமைந்திருந்த தெருவிலே வண்டிகள் ஒரே திசையிற் செல்லவேண்டும் என்று விதிக்க நேர்ந்ததாம். ஆனால், மேடைப் பேச்சைவிடக் கீழேயிருந்த பரிசோதனைக் கூடத்திலேதான் அவர் மனம் நின்றது. நாகமும் செம்பும் மின்னைத் தருவது ஏன்? வோல்ற்றா உலோகங்கள் தொடுவதே காரணம் என்று எண்ணினார். டேவியோ, நாகம் கரையாவிட்டால் மின்னும் இல்லை என்பதைக் கண்டார். இரசாயனச் சேர்க்கையிலே தோன்றும் வேட்கையும் மின்னின் வேகமும் ஒரே மூலத்திலிருந்து வருவன என்று 1806இல் ஒரு பேருரையிலே விளக்கினார். பிரித்தானியாவும் பிரான்சும் போரிட்டுக்கொண்டிருந்த நாட்களிலே, பிரெஞ்சு விஞ்ஞான சபை தன் பரிசை இந்த எதிரிநாட்டு இளைஞருக்கு வழங்கியது.

எரியும் உலோகம்

சேர்க்கை மின்னைத் தருமாயின், மின் சேர்க்கையைப் பிரிக்காதா? இதுவே டேவியின் அடுத்த கேள்வி. சாம்பலிலிருந்து வரும் பொற்றாசு காரத்தையும் சோடாக் காரத்தையும் அதுவரை எவராலும் பிரிக்க முடியவில்லை. நீரிலே கரைத்து மின்னைச் செலுத்தினால் நீர்தான் பிரிந்தது. 1807ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத் தொடக்கத்திலே டேவி சிறிது ஈரம் பட்ட பொற்றாசு காரத்தைப் பிளாற்றினத் தட்டிலே வைத்து, தம் பெரிய மின்கல அடுக்கை இணைத்தார். காரம் உருகியது. எதிர்முனையிலே இரசம் போன்ற சிறு மணிகள் தோன்றின. சில வெடித்துச் சுவாலைவிட்டு எரிந்தன. டேவி பரிசோதனைக் கூடத்தைச் சுற்றித் துள்ளிக் குதித்தார் என்று, உடனிருந்த அவருடைய உறவினர் பின்னர் எழுதி வைத்தார். அதுவே பொற்றாசியம். சில நாட்களிற் சோடாக் காரத்திலிருந்து சோடியமும் பிறந்தது.

அன்றுவரை மனிதர் கண்டிருந்த உலோகங்கள் பாரமானவை, உறுதியானவை. இப்புதியவையோ கத்தியால் வெட்டத்தக்க மென்மையுடையவை, நீரிலே மிதப்பவை, நீர் பட்டதும் தீப்பற்றுபவை. ஆகையால் அவற்றை எண்ணெயிலே அமிழ்த்தி வைக்க வேண்டியிருந்தது. இன்றும் பாடசாலை ஆய்வுகூடத்திலே சோடியத் துண்டு எண்ணெய்ப் போத்தலுக்குள்தான் கிடக்கின்றது. 1808இல், சுவீடன் அறிஞர் பெர்சீலியசு காட்டிய வழியைத் துணையாகக்கொண்டு, இரசத்தின் உதவியோடு கல்சியம், மக்னீசியம், ஸ்ரொன்சியம், பேரியம் ஆகியவற்றையும் பிரித்தெடுத்தார். முப்பது வயது நிறையுமுன் ஆறு உலோகங்கள்! இடையிலே கடும் காய்ச்சலில் விழுந்து பல வாரம் உயிருக்குப் போராடினார் என்பதையும் மறக்கலாகாது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். பொன் ஆற்றுமணலிலே தனியாகக் கிடக்கின்றது. செம்பையும் இரும்பையும் கரியோடு சேர்த்து உலையிலிட்டு நம் முன்னோர் உருக்கியெடுத்தனர். சோடியத்தை அந்தக் காலத்து எந்த உலையும் பிரித்துக் காட்டவில்லை. சேரும் வேட்கை மிகுந்த உலோகத்தைப் பிரிப்பது அரிது. வேட்கை குறைந்ததைப் பிரிப்பது எளிது. மனிதகுலம் உலோகங்களை அறிந்துகொண்ட காலவரிசையே தாக்குதிறன் வரிசையைப் பெரும்பாலும் தலைகீழாக ஒத்திருக்கின்றது.

பரந்தனிலே டேவியின் வேலை

இந்த வரலாறு எங்கோ இலண்டனிலே நடந்தது என்று எண்ணிவிடாதீர்கள். ஏ-9 வீதியிலே கிளிநொச்சியிலிருந்து வடக்கே செல்லும்போது பரந்தன் வருகின்றது. அங்கே 1950களில் அரசு ஓர் இரசாயனத் தொழிற்சாலையை நிறுவியது. அதற்கு மூலப்பொருளாக அமைந்தது ஆனையிறவு உப்பு. உப்பைக் கரைத்து மின்னைச் செலுத்தினார்கள். ஒருபுறத்திலே குளோரீன் வெளிவந்தது. மறுபுறத்திலே பிறக்கவேண்டிய சோடியம் நீரைக் கண்டபின் சும்மா இருக்குமா? அது நீரோடு சேர்ந்து எரிசோடாவாகியது; நீரிலிருந்த ஐதரசன் வெளியேறியது. எரிசோடா சவர்க்காரம் காய்ச்சவும், குளோரீன் குடிநீரைத் தூய்மையாக்கவும் பயன்படுபவை. எரிசோடாவுக்குள் ஒளிந்திருந்த சோடியத்தைக் காட்டியவர் டேவி. குளோரீன் ஒரு தனிமூலகமே என்று 1810இல் நிலைநாட்டி, அதன் வெளிறிய பச்சை நிறத்தைக் கொண்டு அதற்குப் பெயரிட்டவரும் அவரே. பரந்தனில் வேலை செய்த நம்மவர் பலர், நாள்தோறும் அவருடைய பரிசோதனையைப் பெருமளவிலே செய்துகொண்டிருந்தார்கள் எனலாம். 1980களிலே மூண்ட போர் அந்தத் தொழிலை நிறுத்தி, அந்த இடத்தையும் சிதைத்துவிட்டது.

இலங்கையோடு வேறொரு தொடர்பும் உண்டு. ஹம்பிரியின் தம்பி ஜோன் டேவி அண்ணனிடமே இரசாயனம் பழகியவர். அவர் இராணுவ வைத்தியராக 1816இல் இலங்கைக்கு வந்து 1820வரை இருந்தார். இந்நாட்டின் கற்களையும் மண்ணையும் வெடியுப்புக் குகைகளையும் பாம்பு நஞ்சையும் ஆராய்ந்து, 1821இல் இலங்கையின் உள்நாட்டைப் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டார். நம் நாட்டுச் சரித்திரம் எழுதுவோர் இன்றும் அந்நூலைப் புரட்டுகிறார்கள்.

சுரங்க விளக்கு

1812இல் டேவிக்கு சேர் பட்டம் கிடைத்தது. செல்வந்தரான ஒரு கைம்பெண்ணை மணந்தார். அதே ஆண்டு மே மாதம் வட இங்கிலாந்தின் ஃபெலிங் நிலக்கரிச் சுரங்கத்திலே வாயு வெடித்து 92 பேர் மாண்டனர். அவர்களிற் சிறுவர்களும் இருந்தனர். சுரங்கத்தார் டேவியை நாடினார்கள். 1815இல் அவர் விளக்கின் சுவாலையைச் சுற்றிக் கம்பிவலை அமைத்தார். வலையின் உலோகம் வெப்பத்தை இழுத்துக்கொள்வதால் சுவாலை வெளியே பாயாது. அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தால் பெருஞ்செல்வம் சேர்ந்திருக்கும். டேவி அதைப் பெற மறுத்துவிட்டார். சுரங்க உரிமையாளர் நன்றிக்கடனாக வெள்ளிப் பாத்திரங்களை வழங்கினர். இலங்கையில் இருந்தவரான தம்பி ஜோன் 1868இல் இறந்தபோது, அண்ணனின் விருப்பப்படி அந்த வெள்ளி றோயல் சொசைற்றிக்குச் சென்றது. இரசாயனத்திற் சிறந்தோருக்கு வழங்கும் டேவிப் பதக்கம் அதிலிருந்து உண்டாயிற்று.

புத்தகம் கட்டிய பையன்

இனி இவ்வாழ்வின் மற்றப் பக்கத்துக்கு வருவோம். 1812இல் டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்க ஓர் இளைஞன் வந்தான். இரும்புக் கொல்லன் ஒருவரின் மகன். புத்தகம் கட்டும் தொழில் பழகியவன். பெயர் மைக்கல் பரடே. கேட்டதையெல்லாம் அழகாக எழுதி, படம் வரைந்து, தானே கட்டி, டேவிக்கு அனுப்பிவைத்தான். ஒரு வெடிவிபத்திலே கண்ணிற் காயப்பட்டிருந்த டேவி, எழுத்துவேலைக்கு அவனைச் சில நாட்கள் அழைத்தார். 1813 மார்ச்சில் நிலையத்திலேயே உதவியாளனாக்கினார். அவ்வாண்டு ஐரோப்பியப் பயணத்துக்கும் கூட்டிச்சென்றார். மிலானிலே முதியவரான வோல்ற்றாவை இருவரும் கண்டார்கள். அந்தப் பயணத்திலே டேவியின் மனைவி பரடேயை ஒரு வேலைக்காரனாகவே நடத்தினார். பரடே பொறுத்துக்கொண்டார்.

வறிய வீட்டிலிருந்து வந்த ஒருவர், வறிய வீட்டிலிருந்து வந்த இன்னொருவருக்குக் கதவைத் திறந்துவிட்டார். இது டேவியின் பெருமை. ஆனால், ஆண்டுகள் செல்லச் செல்ல மாணவரின் கை ஓங்கியது. 1821இல் மின்னோட்டமுள்ள கம்பியைக் காந்தத்தைச் சுற்றிச் சுழலச் செய்தார் பரடே. 1823இல் குளோரீன் வாயுவைத் திரவமாக்கினார். அந்த எண்ணம் தம்முடையது என்று டேவி ஒரு குறிப்பைச் சேர்த்தார். பரடேயை றோயல் சொசைற்றியின் அங்கத்தவராக்க நண்பர்கள் முன்வந்தபோது, சபைத் தலைவராக இருந்த டேவி அதை எதிர்த்தார்; மனுவை மீட்டுக்கொள்ளும்படி வற்புறுத்தினார். 1824ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள் வாக்கெடுப்பு நடந்தது. எதிராக விழுந்தது ஒரேயொரு வாக்கு. அது யாருடையது என்பதைப் பெட்டி சொல்லாது.

கப்பலும் செம்புத் தகடும்

அதே ஜனவரி மாதத்திலேதான் டேவி தம் வாழ்வின் மிக அழகிய கட்டுரைகளுள் ஒன்றை அச்சபையிலே வாசித்தார். அது உலோகங்களின் ஒப்பீட்டைப் பற்றியதே.

மரக்கப்பல்களின் அடியைப் புழுக்கள் துளைக்கும். பாசியும் ஓட்டுப்பிராணிகளும் ஒட்டி வளரும். முல்லைத்தீவிலே வள்ளத்தைக் கரையேற்றி அடிப்பகுதியைச் சுரண்டும் நம் கடற்றொழிலாளருக்கு இந்தத் தொல்லையை விளக்கவேண்டியதில்லை. ஆகவே பிரித்தானியக் கடற்படை கப்பலின் அடியைச் செம்புத் தகட்டினால் மூடியது. 1761இல் முதலிற் செம்பு போர்த்த அலாம் என்னும் கப்பல் திரும்பி வந்தபோது ஒரு விந்தை தெரிந்தது. செம்பைத் தொட்டிருந்த இரும்பாணிகள் அரித்துப்போயிருந்தன. இடையிலே கடதாசி ஒட்டியிருந்த இடங்களில் ஆணி நலமாயிருந்தது. காரணத்தை அன்று எவரும் சரிவர அறியவில்லை. செம்பும் நாளடைவிலே கடல்நீரிற் கரைந்தது. செலவோ பெரிது. கடற்படை 1823இல் டேவியை நாடியது.

டேவி தாக்குதிறன் வரிசையைக்கொண்டு சிந்தித்தார். செம்பு கரைவது கடல்நீரோடு அதற்குச் சிறிது வேட்கை இருப்பதால். செம்பைவிட வேட்கை கூடிய நாகத்தையோ இரும்பையோ செம்போடு தொடுத்துவிட்டால், கரையவேண்டிய வேலையை அதுவே ஏற்றுக்கொள்ளும், செம்பு தப்பும். ஒரு பட்டாணியளவு நாகத்துண்டு நாற்பது, ஐம்பது சதுர அங்குலச் செம்பைக் காப்பாற்றியதை அவர் பரிசோதனையிற் கண்டார். இந்தச் சோதனைகளிலும் பரடே அவருக்கு உதவினார். அலாம் கப்பலின் ஆணிகள் அழிந்ததும் இதே நியதியினாலேதான். அங்கே இரும்பு தன்னைக் கொடுத்துச் செம்பைக் காத்துக்கொண்டிருந்தது.

நீங்களே வீட்டில் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். கண்ணாடிக் குவளையிலே மயில்துத்தத்தைக் கரைத்து, துலக்கிய இரும்பாணியை அதில் இடுங்கள். சற்றுநேரத்தில் ஆணியின்மேல் செந்நிறச் செம்பு படியும். இரும்பு கரைசலுக்குள் இறங்கிச் செம்பை வெளியே தள்ளிவிட்டது. செம்புக் கம்பியை இரும்புக் கரைசலில் இட்டால் ஒன்றும் நடவாது. எந்த உலோகம் எதை வெளியேற்றும் என்று ஒழுங்காக ஆராய்ந்து முழு வரிசையை 1865இல் வெளியிட்டவர் ரஷ்ய அறிஞர் பெக்கெற்றோவ். மயில்துத்தம் நஞ்சு, பிள்ளைகளைத் தனியே விடாதீர்கள்.

கடல் சொன்ன பதில்

1824இல் சமராங் என்னும் கப்பல் இரும்புக் காப்புகளோடு கனடாப் பக்கம் சென்று திரும்பியது. செம்பு நலமாயிருந்தது. டேவியின் கணக்கு வென்றது. கப்பல் பல அவ்வாறே ஆயத்தமாயின. ஆனால் சில மாதங்களுள் முறைப்பாடுகள் வந்தன. காப்புப் பெற்ற கப்பல்களின் அடியிலே பாசியும் சிப்பியும் அடர்ந்து வளர்ந்து, அவற்றை ஓடவிடாமற் செய்தன. ஏன்? செம்பு சிறிது சிறிதாகக் கரைந்தபோது, அந்தக் கரைசலின் நஞ்சே உயிரினங்களை அண்டவிடாமல் விரட்டியிருந்தது. கரையாத செம்பு அவற்றுக்கு நல்ல குடியிருப்பாயிற்று. செம்பின் அழிவே கப்பலின் காவலாயிருந்தது. 1825இல் கடலோடும் கப்பல்களிலிருந்து காப்புகளைக் கழற்றும்படி கட்டளை பிறந்தது. பின்னர் அம்முறை முற்றாகக் கைவிடப்பட்டது. பத்திரிகைகள் டேவியை எள்ளி நகையாடின. அவர் மனம் உடைந்தார்.

விதி பிழைக்கவில்லை. உலோகங்களைப் பற்றி அவர் சொன்னது முழுக்க உண்மை. கடலிலே உலோகமும் நீரும் மட்டும் இல்லை, உயிர்களும் உண்டு என்பதே கணக்கில் விடுபட்டது. இரும்புக் கப்பல்கள் வந்தபின் டேவியின் முறை புத்துயிர் பெற்றது. 1837இல் பிரெஞ்சுப் பொறியியலாளர் சொறெல் இரும்புக்கு நாகம் பூசும் முறைக்கு உரிமை பெற்றார். உங்கள் கிணற்றடி வாளி அந்த வழியிலே வந்ததே. வாளியிற் கீறல் விழுந்தாலும், நாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கின்றது. மீன்பிடி வள்ளத்தின் வெளியிணைப்பு இயந்திரத்திலே பொருத்தப்பட்டிருக்கும் சிறு நாகக்கட்டியும் அதே வேலையைச் செய்கின்றது. அது தேய்ந்துபோவதைக் கண்டு தரமற்றது என்று எண்ணிவிடாதீர்கள். தேய்வதுதான் அதன் வேலை. காலத்தில் மாற்றாவிட்டால் அடுத்துத் தேய்வது இயந்திரமே. கவனிப்பாரற்ற இரும்புக்குக் கடல் என்ன செய்யும் என்பதை, 2006 டிசெம்பரில் முல்லைத்தீவுக் கரையிலே தரைதட்டித் துருவேறிக் கிடந்த ஃபரா 3 கப்பலிலே நம் மக்கள் கண்ணாரக் கண்டார்கள்.

இறுதி நாட்கள்

டேவி முற்றிலும் பொறாமைக்கு அடிமையாகிவிட்டார் என்று சொல்வது நியாயமாகாது. 1825 பெப்ரவரியிலே, பரடேயின் திறமையையும் சேவையையும் எடுத்துரைத்து, அவரைப் பரிசோதனைக் கூடத்தின் பணிப்பாளராக்கும்படி நிலையத்தாரிடம் முன்மொழிந்தவர் டேவியே. முந்திய ஆண்டின் கசப்புக்குப் பின் அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்கு எவ்வளவு முயற்சி வேண்டியிருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

1826இல் தாயார் இறந்தார். அந்த ஆண்டின் முடிவிலே டேவியைப் பாரிசவாதம் தாக்கியது. 1827இல் தலைமைப் பதவியைத் துறந்து, ஆல்ப்ஸ் மலைப் பக்கங்களிலே ஆறுகளில் மீன்பிடித்தும் எழுதியும் காலம் கழித்தார். பிள்ளைகள் இல்லை. 1829இல் உரோமையிலே நோய் மீண்டும் தாக்கியது. மோல்ற்றாவிலே வேலைபார்த்த தம்பி ஜோன் விரைந்து வந்து அண்ணனைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். வழியிலே ஜெனீவா நகரில் மே 29ஆம் நாள் டேவி உயிர்நீத்தார். வயது ஐம்பது. அந்நகரிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

பரடே 1831இல் காந்தத்திலிருந்து மின்னைப் பிறப்பித்தார். டேவி தொடங்கிவைத்த மின்பகுப்புக்கு, எவ்வளவு மின்னுக்கு எவ்வளவு உலோகம் பிரியும் என்ற திட்டமான விதிகளைச் சில ஆண்டுகளில் வகுத்துக் கொடுத்தார். குருவைப் பற்றி வெளியிலே குறை பேசவில்லை. வேலை கேட்ட நாட்களிலே டேவி எழுதிய கடிதத்தை அவர் பத்திரமாக வைத்திருந்தார். டேவியின் சரிதை எழுதியவருக்கு அதை அனுப்பியபோது, மறவாது திருப்பித்தரும்படி கேட்டுக்கொண்டார்.

வரிசையும் மதிப்பும்

வாசகர்களே, தாக்குதிறன் வரிசையிலே பொன் கடைசியில் நிற்கின்றது. அதனால் பொன்னுக்கு இழுக்கில்லை. பொற்றாசியம் முதலில் நிற்கின்றது. அதனால் அதை எவரும் நகையாக அணிவதில்லை. நாகம் நடுவில் நின்று இரும்பைக் காக்கின்றது. எதற்கு எது உகந்தது என்பதை அறியவே ஒப்பிடுகிறோம். ஒன்றை உயர்த்தி ஒன்றைத் தாழ்த்துவதற்காக அல்ல. உலோகங்களிலே இதனைத் தெளிவாகக் கண்ட டேவிக்கு, தம் மாணவர் விடயத்திலே அதைக் காண்பது கடினமாயிற்று. பரடே வளர்ந்ததால் டேவி கண்ட ஆறு உலோகங்களில் ஒன்றும் குறையவில்லை. சுரங்க விளக்கு அணைந்துபோகவில்லை. குறைந்துவிட்டதாக அவருக்குத் தோன்றியது, அவ்வளவே.

நம் வீடுகளிலே அண்ணனின் பெறுபேற்றோடு தம்பியின் பெறுபேற்றை ஒப்பிடுகிறோம். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு நம் பிள்ளையை ஒப்பிடுகிறோம். கைகொடுத்துத் தூக்கிவிட்டவன் நம்மைக் கடந்து போகும்போது நம் நெஞ்சிலும் ஏதோ ஒன்று அரிக்கத் தொடங்குகின்றது. ஆசிரியர்களும் பெற்றோரும், ஒரு தொழிலைப் பழக்கிவிடும் மூத்தவர்களும் இதிலே விழிப்பாயிருக்க வேண்டும். போர் பலவற்றை அள்ளிச்சென்ற இந்த மண்ணிலே, பரந்தன் போன்ற தொழிலகங்களை மீண்டும் எழுப்பப்போகிறவர்கள் இப்போது நம் வகுப்பறைகளில் இருக்கும் பிள்ளைகளே. அவர்களிலே ஒருவன் புத்தகம் கட்டும் கடையில் நிற்கலாம். ஒருத்தி மீன்வாடியிலே தாய்க்குத் துணையாயிருக்கலாம். அவர்களுக்குக் கதவைத் திறந்துவிடுங்கள். அவர்கள் உங்களைத் தாண்டிச் செல்லும் நாளிலே, அந்தக் கதவை அடைக்காதிருங்கள்.